பம்பு தள்ளும், மண் தாங்குமா? ஹட்டன் பக்கத்து மண் ஆணிச் சேவை பற்றி

வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டினால் அந்த வெட்டு முகத்தைக் கட்டிப்போட வேண்டும். அதற்குத் துளை போட்டு இரும்புக் கம்பி செருகி, சீமெந்துப் பால் (தண்ணீரில் கலக்கிய சீமெந்து) ஏற்றும் வேலைக்குத்தான் மண் ஆணி என்று பெயர். ஒரு காலத்தில் இதற்கு ஆள் பிடிக்கக் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும். இப்போது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று சுற்றி வேலை எடுக்கும் சிறு குழுக்கள் இருக்கின்றன. அதில் ஒரு குழு முடித்துக் கொடுத்த வேலையை இங்கே எடைபோடுகிறோம். குழுவின் பெயரைப் போடவில்லை. இதே பம்பும் அழுத்தம் காட்டும் இதே கேஜும் இதே பழக்கமும் வேறு பெயர்ப்பலகைகளுக்குக் கீழும் இருக்கின்றன. வேலை கொடுக்கப் போகிறவருக்கு விவரம்தான் உதவும்.

வெட்டு முகம் 6 மீற்றர் உயரம், 18 மீற்றர் நீளம், ஏறக்குறைய 70 பாகை சாய்வு. அடியில் வீடும் அதை ஒட்டிய கடையும். மேலே 25 பாகை சரிவில் தேயிலை. அதற்கு அப்பால் பத்து மீற்றர் தள்ளி ஒரு தோட்டத்து ரோடு. வரைபடம் சொன்னது: மூன்று வரிசையில் 27 ஆணி, ஒவ்வொன்றும் 8 மீற்றர், 25 மில்லிமீற்றர் கல்வனைஸ் முறுக்குக் கம்பி, 115 மில்லிமீற்றர் துளை, உள்நோக்கி 10 பாகை இறக்கம். அதோடு ஐந்து கிடைத் துளை வடிகால், கம்பி வலை, மேலே தெளிப்புக் கொங்கிரீட். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு எடுத்து, பொறியியலாளர் கையொப்பமிட்ட வரைபடம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வந்தது சீமெந்துப் பால் பம்பில்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். துளைப்பு வேலையில் இவர்கள் கைதேர்ந்தவர்கள். தண்ணீர் ஊற்றித் துளைக்காமல் காற்றால் துளைக்கிறார்கள். நம் மலைகளில் மேலே இருப்பது பெரும்பாலும் பாறை உக்கி உண்டான செம்மண். அதற்குள் பழைய பாறையின் வெடிப்புகள் அப்படியே கோடுகளாக நிற்கும். தண்ணீர் விட்டால் துளையின் சுவர் சேறாகி வழுக்கும். பிறகு எவ்வளவு நல்ல பால் ஏற்றினாலும் மண்ணோடு பிடிக்காது. காற்றில் துளைத்தால் சுவர் சொரசொரப்பாக நிற்கும். வெளியே வரும் தூளின் நிறத்தை அரை மீற்றருக்கு ஒருமுறை துளைப்பவர் கொப்பியில் எழுதினார்: சிவப்பு, பிறகு மஞ்சள், ஏழாவது மீற்றரில் மினுமினுக்கும் சாம்பல். இந்தக் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள். ஆணியின் வால் எதில் கடித்து நிற்கிறது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

மேல் வரிசையில் பழைய சரிவு மண்ணும் உருண்டைக் கல்லும் கலந்து வந்த இடத்தில் இரும்புக் குழாயை உறையாக இறக்கித் துளைத்தார்கள். நேரம் பிடிக்கும் வேலை; இதைத் தவிர்க்கும் குழுக்கள் உண்டு. உறை இல்லாமல் துளைத்தால் கம்பி செருகும் முன்பே துளை பாதியில் மூடிவிடும். அப்போது எட்டு மீற்றர் கம்பியில் மூன்று மீற்றரை வெட்டியெறிந்துவிட்டு, துளை வாயில் இரும்புத் தட்டை மாட்டி மூடினால் வெளியே யாருக்கும் தெரியாது. கம்பியை உள்ளே விடும்போது பக்கத்தில் நின்று அளந்து பார்ப்பதுதான் ஒரே வழி.

கம்பி விஷயத்திலும் ஒரு கண் வேண்டும். 12 மீற்றர் கம்பியில் 8 வெட்டினால் 4 மிச்சம். இரண்டு நாலு சேர்ந்தால் இன்னொரு எட்டு என்று வெல்டிங் மெஷினைத் தேடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். முறுக்குக் கம்பியை இப்படி ஒட்டினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு நொறுங்கும் தன்மை எடுக்கும். கல்வனைஸ் பூச்சும் கருகிவிடும். நீளம் போதாவிட்டால் மரையிட்ட இணைப்பான் போட வேண்டும். இந்தக் குழு முழுக் கம்பிதான் போட்டது. 2 மீற்றருக்கு ஒன்று என்று பிவிசி குழாயைக் கீறி வளைத்துச் செய்த நடுநிறுத்திகளையும் மாட்டியிருந்தார்கள். கம்பி துளையின் அடியில் படுத்துக் கிடக்காமல் நடுவில் நிற்க இது அவசியம்.

கேஜ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இனி குறை. மண் ஆணிக்கு அழுத்தம் தேவையே இல்லை. துளையின் அடிவரை ஒரு மெல்லிய குழாயை இறக்கி, அங்கிருந்து பாலை மெதுவாக விட்டால் அது காற்றையும் தூசியையும் தள்ளிக்கொண்டு வாய்வரை வரும். வாயில் வருவது கலங்கல் போய்க் கெட்டிப் பாலாக மாறியதும் குழாயை உருவ வேண்டும். அவ்வளவுதான். கீழ் வரிசையிலும் நடு வரிசையிலும் இதைத்தான் செய்தார்கள், ஒழுங்காகச் செய்தார்கள்.

மேல் வரிசைக்கு வந்ததும் ஆசை வந்துவிட்டது. கற்களுக்கு இடையில் ஓட்டை இருக்கும், கொஞ்சம் அழுத்திக் கொடுத்தால் நன்றாக நிரம்பும் என்று, துளையின் வாயைச் சாக்கும் விரைவுச் சீமெந்தும் வைத்து அடைத்துவிட்டுப் பம்பைப் போட்டார்கள். பம்பைப் பிடித்திருந்த தம்பி சொன்னதும் மேஸ்திரி சொன்ன பதிலும் இது:

"அண்ணே, இன்னும் வாங்குதுண்ணே."

"வாங்கட்டும் தம்பி. மலை குடிச்சாத்தான் இறுகும்."

கேஜ் முள் 5 பார் வரை ஏறியது. சில விநாடி அங்கே நின்றது. பிறகு ஒரே விழுதாக 1 பாருக்கு விழுந்தது; பம்பின் சத்தம் இலேசானது; பால் முன்பைவிட வேகமாகப் போகத் தொடங்கியது. கால் மணி நேரம் கழித்து, மேலே தேயிலைக்கு நடுவே ஓடும் கானில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இறங்கியது. வெட்டு விளிம்பில் இருந்து நாலு மீற்றர் மேலே. அந்த ஓர் ஆணி மட்டும் ஏழு மூட்டை சீமெந்து குடித்திருந்தது.

முள் ஏறி, நின்று, விழுவதற்கு ஒரே அர்த்தம்தான்: மண் பிளந்துவிட்டது. ஓட்டைகள் நிரம்பும்போது அழுத்தம் மெல்ல ஏறும், ஓட்டம் மெல்லக் குறையும். அழுத்தம் விழுந்து ஓட்டம் கூடினால் பால் தனக்கென்று புது வழி வெட்டிக்கொண்டது என்று பொருள். அந்த விநாடியே பம்பை நிறுத்த வேண்டும். தம்பி நிறுத்தப் பார்த்தார், மேஸ்திரி விடவில்லை.

5 பார் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 பார் 100 கிலோபாஸ்கல். நம் செம்மண் ஒரு கன மீற்றருக்குச் சுமார் 18 கிலோநியூட்டன் எடை. ஆகவே ஒரு மீற்றர் ஆழத்தில் மேலிருக்கும் மண் தரும் பாரம் 18 கிலோபாஸ்கல், அதாவது 0.18 பார். 5 பார் என்பது ஏறத்தாழ 28 மீற்றர் உயர மண்ணைத் தூக்கும் அழுத்தம். மேல் வரிசை ஆணியின் வாய்க்கு மேலே இருப்பது 1 மீற்றர் மண். வால் பகுதியில், மலையின் ஏற்றத்தையும் ஆணியின் இறக்கத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் 6 மீற்றர்தான். அங்கே பாரம் 108 கிலோபாஸ்கல்.

அந்த 108ஐக்கூட முழுதாக நம்ப முடியாது. மண் பிளப்பது எந்தப் பக்கம் மிகக் குறைவாக நெருக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் விரிந்துதான். மேலிருந்து கீழே அழுத்தும் பாரம் 108 என்றால், பக்கவாட்டில் நெருக்குவது அதில் ஏறக்குறைய பாதி, 54. வெட்டு முகத்துக்குக் கிட்டப் போகப் போக அதுவும் குறையும், ஏனென்றால் முன்னால் பிடித்துக்கொள்ள மண்ணே இல்லை. எனவே பிளவு செங்குத்தாக, வெட்டு முகத்துக்கு இணையாக ஓடும். மலை சரியும் முன் விளிம்பில் வரும் வெடிப்பும் இதே திசையில்தான் வரும். மண் ஆணி எந்த வெடிப்பைத் தடுக்கப் போடப்படுகிறதோ, அதையே பம்பு உண்டாக்கிக் கொடுக்கிறது.

ஏழு மூட்டைக் கதைக்கு வருவோம். 115 மில்லிமீற்றர் துளை 8 மீற்றர் நீளத்துக்கு 83 லீற்றர். கம்பியின் இடத்தைக் கழித்தால் 79. நீர்-சீமெந்து விகிதம் 0.45 என்றால் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 38 லீற்றர் பால் வரும். ஆக ஓர் ஆணிக்கு இரண்டு மூட்டையும் கொஞ்சமும். ஏழு மூட்டை என்றால் 190 லீற்றர் துளைக்கு வெளியே போயிருக்கிறது. அது 5 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு தகடாகப் பரவியிருந்தால் 38 சதுர மீற்றர். பதினொன்றரை அடிச் சதுர அறை ஒன்றின் நான்கு சுவரையும் சேர்த்த அளவு. பால் இறுகும் முன் அந்தத் தகட்டுக்குள் அரைப் பார் அழுத்தம் நின்றால்கூட முன்னால் இருக்கும் மண்ணை அது தள்ளும் விசை 190 தொன். அடியில் வீடு.

இறுகிய பிறகும் தொல்லை தீராது. அந்தச் சீமெந்துத் தகடு மலைக்குள் ஒரு மறைச்சுவர். பின்னாலிருந்து வரும் தண்ணீர் முன்னைப்போல வெட்டு முகத்தில் கசியாது, பின்னால் தேங்கும். 3 மீற்றர் ஆழத்துக்குத் தேங்கினாலே ஒரு மீற்றர் அகலத்துக்கு நாலரைத் தொன் தள்ளும்.

கேஜைப் பற்றி இரண்டு விஷயம். இவர்களுடைய கேஜ் 0 முதல் 60 பார் வரை. அதில் அரைப் பாரைப் படிப்பது, லொறி நிறுக்கும் தராசில் மிளகாய்த்தூள் நிறுப்பது மாதிரி. மண் வேலைக்கு 0 முதல் 4 பார் வரையுள்ள கேஜ் வேண்டும். பால் உள்ளே போய் இறுகாமல் இருக்க நடுவில் றப்பர்த் தடுப்பும் கிறீசும் உள்ள வகை. இரண்டாவது, அது இருக்க வேண்டிய இடம் துளையின் வாய். இங்கே பம்பு மேலே ரோட்டில், கேஜும் பம்பிலேயே. மலைநாட்டுக்கே உரிய கண்ணி இதுதான். 0.45 விகிதப் பால் ஒரு லீற்றர் 1.89 கிலோ. பம்பு மேல் வரிசைக்கு 6 மீற்றர் மேலே இருந்தால், கேஜ் முள் பூச்சியத்தில் நிற்கும்போதே துளையின் வாயில் 1.1 பார் இருக்கும். நடு வரிசைக்கு 8 மீற்றர் உயர வித்தியாசம்: 1.5 பார். பம்பை நிறுத்தினாலும் குழாயில் நிற்கும் பால் தள்ளிக்கொண்டே இருக்கும். வாய் திறந்திருக்கும் வரை பயமில்லை, பால் வழிந்து வெளியே வந்துவிடும். அடைத்த மறுகணம் அந்த முழு அழுத்தமும் மண்ணின் மேல்.

"குழாயில் பாதி அழுத்தம் போய்விடும், உள்ளே அவ்வளவு போகாது" என்பது மேஸ்திரியின் பதில். ஓடும்போது உண்மை. ஆனால் துளை நிரம்பி ஓட்டம் நின்றதும் குழாய் இழப்பும் நின்றுவிடும். கேஜில் காண்பதெல்லாம் அப்படியே துளைக்குள் வரும். ஆபத்து அதிகமான நேரமும் அதுதான்.

அழுத்தி ஏற்றினால் ஆணியின் பிடி கூடும் என்ற வாதம் முழுப் பொய்யில்லை. மணற்பாங்கான மண்ணில் கூடும். அதற்குத் தனி முறை இருக்கிறது: துளைக்குள் அடைப்பானைக் கட்டம் கட்டமாக வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவும் அழுத்தமும் முன்கூட்டியே எழுதி, இரண்டில் எது முதலில் வந்தாலும் நிறுத்துவது. சாக்கும் விரைவுச் சீமெந்தும் அந்த முறை ஆகாது. அணைக்கட்டுப் பாறையில் பால் ஏற்றுவோர் ஓர் அடி ஆழத்துக்கு ஒரு பிஎஸ்ஐ (சுமார் 0.07 பார்) என்று வைத்துக்கொள்ளும் அமெரிக்க வழக்கும், ஒரு மீற்றருக்கு ஒரு பார் என்ற ஐரோப்பிய வழக்கும் உண்டு. இரண்டாவது, நல்ல கடினப் பாறைக்குப் பிறந்தது. அதைக் கேள்விப்பட்டுத் தேயிலை மண்ணில் பிரயோகித்தால் மேலிருக்கும் மண்ணின் பாரத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல் போய்விடும்.

எண்ணெய்க் கிணற்றிலும் இதே கணக்கு

கனடாவின் அல்பேர்ட்டாவில் தார்போல் உறைந்த கன எண்ணெயை எடுக்க நிலத்துக்குள் நீராவி விடுகிறார்கள். பொயிலர் வேலை தெரிந்தவருக்குப் புரியும்: அழுத்தம் கூடினால் நீராவியின் சூடும் கூடும். 10 பாரில் 180 பாகை, 20 பாரில் 212. சூடு கூடினால் எண்ணெய் இளகி ஓடும். ஆகவே அங்கேயும் "இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன" என்ற ஆசை உண்டு. மேலே மூடியாக இருக்கும் களிப்பாறை தாங்கும் வரைதான் அந்த ஆசை செல்லும்.

ஜோஸ்லின் என்ற இடத்தில், ஆழம் குறைந்த ஒரு திட்டத்தில், 2006 மே 18 அன்று நீராவி மூடுபாறையைப் பிளந்துகொண்டு தரைக்கு மேலே வந்தது. நிலத்தில் பள்ளம் விழுந்தது, கல்லும் மண்ணும் தூரத் தெறித்தன, ஒருவருக்கும் காயமில்லை. அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு இப்போது ஆழம் குறைந்த நீராவித் திட்டங்களுக்கு வைத்திருக்கும் வரம்பு எளிமையானது. மூடுபாறையில் சிறிய அளவில் வேண்டுமென்றே ஒரு பிளவை உண்டாக்கி, பம்பை நிறுத்தி, அது எந்த அழுத்தத்தில் மூடிக்கொள்கிறது என்று அளக்கிறார்கள். பிளவு மூடும் அழுத்தம்தான் பாறையைப் பக்கவாட்டில் நெருக்கும் மிகக் குறைந்த விசை. அதில் 80 சதவீதத்துக்கு மேல் நீராவி அழுத்தம் போகக்கூடாது. அளப்பதும் கிணற்று வாயில் தெரியும் எண்ணை வைத்து அல்ல, கீழே மூடுபாறையின் மட்டத்தில் என்ன அழுத்தம் என்பதை வைத்து. வேண்டுமென்றே பிளந்து நீராவி ஏற்றும் முறையும் வேறு ஆழமான வயல்களில் இருக்கிறது. அங்கே பிளவு எந்தப் பக்கம் போகும் என்பதைக் கணித்து, கண்காணித்துச் செய்கிறார்கள்.

அந்த 80 சதவீதத்தை நம் ஆணிக்குப் போட்டால்: வால் பகுதியில் பக்க நெருக்கம் 54 கிலோபாஸ்கல், அதில் 80 சதவீதம் 43. அதாவது 0.43 பார், 6 பிஎஸ்ஐ. முச்சக்கர வண்டி டயரில் இருப்பதைவிட எவ்வளவோ குறைவு. வாய்ப் பக்கம் ஒரு மீற்றர் மண் உள்ள இடத்தில் 1 பிஎஸ்ஐக்குச் சற்று மேல், அவ்வளவே. துளையில் நிரம்பிய பால் தன் சொந்த எடையால் வாலில் தரும் அழுத்தமே 26 கிலோபாஸ்கல். வரம்பில் பாதிக்கு மேல் ஏற்கனவே வந்துவிட்டது. பம்பு சேர்க்க வேண்டியது எதுவுமில்லை.

மழை நாளில் இந்த வரம்பு இன்னும் சுருங்கும். நிலத்தடி நீர் 3 மீற்றர் ஏறினால் மண்ணின் துகள்கள் ஒன்றையொன்று நெருக்கும் விசையில் 29 கிலோபாஸ்கல் காணாமல் போகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு அவதானம், 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம் என்று படி வைத்திருக்கிறது. 75 தொட்ட நாளிலும் அடுத்த நாளிலும் பால் ஏற்றக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. இந்தக் குழு மழையில் பொலித்தீன் விரித்துக்கொண்டு வேலை செய்தது. சுறுசுறுப்பைப் பாராட்டலாம், வேலையைப் பாராட்ட முடியாது.

பால், வடிகால், இழுவைச் சோதனை

பால் கலப்பது கண்மதிப்பில். காலையில் கெட்டி, மத்தியானத்தில் தண்ணி. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லீற்றர் தண்ணீர்: 20 லீற்றர் பெயின்ட் வாளி ஒன்று, அதற்கு மேல் இரண்டரை. வாளியில் கோடு கீறி வைத்தால் போதும். சந்தேகம் வந்தால் ஒரு லீற்றர் ஜாடியில் பாலைப் பிடித்துக் கடைத் தராசில் வையுங்கள். ஜாடியின் எடை போக 1.85க்குக் கீழே காட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. தண்ணிப் பால் துளைக்குள் படிந்து மேலே நீர் பிரியும்; ஆணியின் மேற்பக்கம் முழுக்க வெற்றிடமாகும். வெளியே தட்டும் மரையும் பளபளப்பாக இருக்க, உள்ளே கம்பி பாதி காற்றில் நிற்கும்.

அதிகம் குடிக்கும் துளையைக் கையாளும் ஒழுங்கும் இவர்களிடம் இல்லை. கணக்குப்படி வேண்டியதைப்போல இரண்டு மடங்கு போய்விட்டால் நிறுத்துவது வழக்கம். அன்று போனதை இறுக விட்டு, மறுநாள் மிச்சத்தை நிரப்ப வேண்டும். காலி மூட்டைகளை ஆணி வாரியாக அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். எழுதப்படிக்கத் தெரியாதவரும் சரிபார்க்கக்கூடிய பதிவேடு அது. 27 ஆணிக்கு வீண் சேர்த்து 65 முதல் 70 மூட்டை ஆகலாம். பில்லில் 90, 100 என்று வந்தால் அதை 'நன்றாக வேலை நடந்திருக்கிறது' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சமனலவெவ அணையின் வலது கரையில், கசிவைத் தடுக்கப் பாறைக்குள் பால் ஏற்றிச் சீமெந்துத் திரை போட்டும் 1992 ஒக்டோபரில் கசிவு வெடித்துக் கிளம்பியது. சீமெந்து போன இடமும் தண்ணீர் போகும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

வடிகால் துளைகளை ஆணிக்கு முன்பே போட்டுவிட்டார்கள். இது பெரிய தவறு. பிளவு வழியே ஓடிய பால் ஐந்தில் இரண்டு வடிகால் குழாய்க்குள் புகுந்து இறுகிவிட்டது. வரிசை எப்போதும் இதுதான்: பால் ஏற்றும் வேலை எல்லாம் முடிந்து, இறுகி, அதற்குப் பிறகு வடிகால். குழாய் என்னவோ நல்ல ரகம்: 50 மில்லிமீற்றர் பிவிசி, கீறல் போட்டது, துணி உறை மாட்டியது, உள்ளிருந்து வெளியே தண்ணீர் வழிய 5 பாகை ஏற்றம். ஆனால் வாயிலிருந்து முதல் 3 மீற்றருக்குக் கீறல் இருக்கக்கூடாது. இருந்தால் உள்ளே பிடித்த தண்ணீரைக் கொண்டுவந்து வெட்டு முகத்து மண்ணுக்குள்ளேயே ஊற்றும். இங்கே வாய்வரை கீறல். அடைபட்ட இரண்டுக்குப் பதிலாகப் புதிதாக இரண்டு போட்டுக் கொடுத்தார்கள், கூடுதல் காசு கேட்காமல். அதற்கு ஒரு நன்றி.

கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எங்கள் தேர்வு வடிகால். வெட்டுக்கு மேலே தேயிலை ஓரமாகச் சீமெந்துக் கான் ஒன்று, கிடைத் துளை வடிகால், கூரைத் தண்ணீருக்குப் பீலி. வட்டவளையில் 1990களில் ரயில் பாதையை இழுத்துக்கொண்டிருந்த நிலச்சரிவுக்கும் முக்கிய மருந்து நிலத்தடி நீரை வடித்ததுதான். ஆணி வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீரை வெளியே விடாமல் ஆணியை மட்டும் நம்பக்கூடாது.

இழுவைச் சோதனையைக் கேட்காமலே செய்தார்கள், இதற்குத் தனி மதிப்பெண். பால் ஏற்றி ஏழு நாளுக்குப் பிறகு, இரண்டு சோதனை ஆணிகளை ஜாக்கியால் இழுத்து, உச்ச ஏற்றத்தில் பத்து நிமிடம் பிடித்தார்கள். முதல் நிமிடத்துக்கும் பத்தாவது நிமிடத்துக்கும் இடையில் ஆணி 1 மில்லிமீற்றருக்கு மேல் நகரக்கூடாது, இரண்டும் தேறின. நுவரெலியாவில் மார்கழி, தைக் குளிரில் இந்த ஏழு நாளைப் பத்தாக்குங்கள், சீமெந்துக்கும் குளிரும். ஒரு குறை: இரண்டு சோதனையும் கீழ் வரிசையில். சந்தேகமுள்ள மேல் வரிசையில் ஒன்றாவது இழுத்திருக்க வேண்டும்.

தெளிப்புக் கொங்கிரீட் 100 மில்லிமீற்றர், வலை நடுவில் நின்றது, கசிவுக் குழாய்கள் 2 மீற்றருக்கு ஒன்று. குறையில்லை.

மதிப்பெண் போட்டால் துளைப்புக்கு 5க்கு 4, கம்பிக்கு 5, பால் ஏற்றியதற்கு 1, வடிகாலுக்கு 2, பேச்சுக்கும் பொறுப்புக்கும் 4. அழைத்தால் வருகிறார்கள், தப்பைச் சொன்னால் கோபிப்பதில்லை. இவர்களையே மறுபடி கூப்பிடலாம், ஆனால் வேலை தொடங்கும் முன் சில வரிகளை எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்க வேண்டும்: துளை வாயை அடைத்துப் பால் ஏற்றுவதில்லை, 0–4 பார் கேஜ் துளை வாயில் இருக்கும், பம்பு துளையின் மட்டத்துக்கு இறக்கி வைக்கப்படும், முடியாவிட்டால் வாயில் திறப்புக் குழாய் ஒன்று இருக்கும், முள் விழுந்தால் பம்பைப் பிடித்திருப்பவரே, யாரையும் கேட்காமல், நிறுத்துவார். கூலி ஆணிக் கணக்கில் இல்லாமல் மீற்றர் கணக்கில் இருக்கட்டும், சீமெந்து தனியாக. மூட்டைக்குக் காசு என்று இருந்தால் மலை குடித்துக்கொண்டே இருக்கும்.

பால் ஏற்றும் நாளில் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெட்டு விளிம்புக்கு மேலே, விளிம்புக்குக் குறுக்காக, இரண்டு மீற்றர் இடைவெளியில் இரண்டு முளைக்குச்சி அடித்து, தலையில் ஆணி வைத்து, இடைவெளியை அளவு நாடாவால் எழுதி வையுங்கள். இப்படி மூன்று சோடி. கால் மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். 2 மில்லிமீற்றர் கூடினால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, வீட்டிலுள்ளவர்களை முன்வாசல் வழியாக வெளியே அனுப்புங்கள். அந்தக் குச்சிகளைப் பிடுங்க வேண்டாம். ஐப்பசி மழைக்கும் அவை வேலை செய்யும். மழைக்கு முன், புரட்டாசியிலேயே, வடிகால் குழாய்களுக்குள் தண்ணீர் அடித்துச் செந்துருச் சேற்றையும் வேரையும் கழுவி விடுங்கள்.